திரும்பப் பெறத்தக்க ஒரு தூபக்கால்

வெளியாரிடமிருந்து வரும் எந்தக் கடிதத்துக்கும், அது கிடைத்த நாளிலிருந்து பதினைந்து நாட்களுக்குள் பதில் அனுப்ப வேண்டும். பதில் தர இயலாவிட்டால், ஏன் இயலவில்லை என்று ஓர் இடைக்காலப் பதிலாவது அனுப்ப வேண்டும். எங்கள் அலுவலக நடைமுறை விதி இது. விதியில் குறையில்லை. கடிதம் என்றால் காகிதத்தில் இருக்கும், தபால்காரர் கொண்டுவருவார், ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார் என்றெல்லாம் அதை எழுதியவர் நம்பியிருந்தார். நானும் நம்பினேன். அந்த நம்பிக்கையால் ஒரு மனிதருக்குத் தொழில் நடத்தும் கொட்டகையே போகப் பார்த்தது.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பேட்டையின் உற்பத்தியாளர்கள் இப்போது கைப்பேசியில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். காலையில் வணக்கம், மாலையில் விலைப்பட்டியல், இடையில் ரோஜாப்பூ. சென்ற மாதம், தொழில் உறவுகளை வளர்ப்பது எப்படி என்று பேச வெளியூரிலிருந்து ஒருவரை அழைத்திருந்தார்கள். நம்மூர் வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். நேரில் பழகுங்கள், இணையத்தில் தொடருங்கள் என்பதை இரண்டு மணி நேரத்தில் சொல்லி முடித்தார். கூட்டம் கலைந்தபோது, "உங்க காலத்துல இதெல்லாம் ஏது சார்?" என்றார் குழுவின் செயலாளர். இருந்தது. மூன்று படிகளில், ரப்பர் முத்திரையோடு இருந்தது. அதை எழுதித் தரும்படி கேட்டார்கள்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். துறைத் தேர்வுகள் அனைத்திலும் முதல் முயற்சியிலேயே தேறினேன். அதற்குத் தண்டனையாக, வேறு எவருக்கும் புரியாத வேலைகள் எல்லாம் என் மேசைக்கு வந்தன. இரண்டாயிரங்களின் நடுவில் அப்படி வந்ததுதான் கணினி.

சிறு தொழில்களை உலகச் சந்தையோடு இணைக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. பிறகு கணினி வந்தது. இணைப்பு மட்டும் வரவில்லை. அலுவலகத்தில் இருந்த ஒரே தொலைபேசிக் கம்பியைக் கணினிக்குக் கொடுத்தால் மேலாளருக்குத் தொலைபேசி இருக்காது. எனவே கணினிக்கு உறை தைத்துப் போட்டுவிட்டு, ஜங்ஷன் சாலையில் இருந்த ஜமால் பாயின் இணைய மையத்துக்கு வாரம் இரண்டு நாள் போய்வர எனக்கு அனுமதி வழங்கப்பட்டது. அனுமதிக்கும் ஒரு கோப்பு உண்டு.

ஜமால் பாய் மங்கலம்பேட்டைக்காரர். வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து, நான்கு கணினிகளோடு கடை போட்டிருந்தார். அவருக்குக் கணினியில் அவ்வளவு நாட்டமில்லை, மனிதர்களில்தான். மங்கலம்பேட்டையில் யார் எந்த ஊரில் என்ன வேலை பார்க்கிறார்கள், யார் எப்போது விடுப்பில் வருகிறார்கள், யார் எப்போது திரும்ப விமானம் ஏறுகிறார்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒருவர் புறப்படுகிறார் என்றால் பத்து வீட்டிலிருந்து பொட்டலம் வரும். ஊறுகாய், மருந்து, குழந்தையின் புகைப்படம். கடையிலேயே ஒரு தராசு வைத்து நிறுத்து, பெயர் எழுதிக் கட்டிக் கொடுப்பார். இணையம் அந்தக் கடையில் நான்கு கணினிகளில் மட்டும் இருந்ததாக நான் நினைத்தது என் அறியாமை.

முதலில் ஒரு வணிகத் தளத்தில் பேட்டையின் தொழிற்கூடங்களைப் பதிவு செய்தேன். பிறகு மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றையும் அச்செடுத்து, அலுவலகம் கொண்டுவந்து, தபால் பதிவேட்டில் எண் கொடுத்து, தேதி முத்திரை குத்தினேன். முதல் மாதம் வந்தவற்றில் பெரும்பாலானவை நமக்கு ஏதாவது விற்க விரும்பியவர்களுடையவை. ஒன்று, ஆப்பிரிக்காவில் காலமான ஓர் அரசரின் மகனுடையது. தந்தை விட்டுச்சென்ற செல்வத்தை நம் வழியாக வெளியே எடுக்க விரும்பினார். கடிதம் என்று வந்துவிட்டால் பதில் அனுப்ப வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றின் சான்றொப்பமிட்ட நகல்கள் இரண்டிரண்டு இணைத்து, உரிய அலுவலர் வழியாக விண்ணப்பிக்குமாறு பதினான்காம் நாள் பதில் போட்டேன். இளவரசரிடமிருந்து அதன்பின் தகவல் இல்லை. அவர் நிஜ இளவரசர் இல்லை என்று ஜமால் பாய் பிற்பாடு சொன்னார். விதியை மட்டும் வைத்து ஒரு மோசடியை முறியடித்த அலுவலர் மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நேரில் பழகுவதிலும் குறை வைக்கவில்லை. சென்னையில் ஒரு கண்காட்சிக்கு என்னை அனுப்பினார்கள். எல்லோரும் முகவரி அட்டை நீட்டினார்கள். என் பதவிக்கு முகவரி அட்டை அச்சிட அனுமதி இல்லை. துண்டுக் காகிதங்களில் அலுவலக வட்ட முத்திரையைக் குத்தி, கீழே பெயர் எழுதிக் கொடுத்தேன். வாங்கியவர்கள் ஏதோ சம்மன் வந்தது போல் பார்த்தார்கள். எனக்குக் கிடைத்த அட்டைகளை ஓட்டை போட்டு, அகரவரிசையில் நூல் கோத்துக் கோப்பில் சேர்த்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை. நானும்தான் கூப்பிடவில்லை, கூப்பிட வேண்டும் என்று உத்தரவில் இல்லையே.

இனி எங்கள் மேலாளர் வசந்தகுமாரி மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெய்வேலியிலிருந்து தினம் பஸ்ஸில் வருவார். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. கோப்பைப் படிக்கும்போது பென்சிலைப் படுக்கை வாட்டில் வரிக்குக் கீழே வைத்து, வரி வரியாக இறக்கிக்கொண்டே போவார். பென்சில் நின்ற இடத்தில் நம் தவறு இருக்கும். ஓரத்தில் பச்சை மையில் ஒரே சொல் எழுதி அனுப்புவார்: "பேசவும்." போய் நின்றால் அவர் பேசமாட்டார். நாம்தான் பேச வேண்டும். அவர் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பேசப் பேச, நாம் எழுதிய குறிப்பில் இருக்கும் ஓட்டை நமக்கே தெரிந்துவிடும். "சரி பண்ணிக் கொண்டுவாங்க" என்பார். இருபத்தெட்டு வருஷத்தில் பல மேலாளர்களிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். அந்தப் பார்வைக்குத் திட்டே தேவலாம்.

செல்வராசுவின் விஷயத்துக்கு வருகிறேன். நல்லூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். நிலத்தில் ஒரு பகுதியை விற்று, பேட்டையில் கொட்டகை ஒதுக்கீடு வாங்கி, வீட்டு மின்பெட்டிகளுக்கான பீங்கான் ஃப்யூஸ் செய்துகொண்டிருந்தார். பதினோரு பெண்கள் வேலை செய்தார்கள். தட்டிவிட்டால் போதும் என்கிற புது சுவிட்சுகள் வந்ததும் ஃப்யூஸை யாரும் கேட்கவில்லை. பெண்கள் ஒவ்வொருவராக வேறு கூடங்களுக்குப் போனார்கள். ஆறு மாதம் உற்பத்தி இல்லையென்றால் ஒதுக்கீட்டை ரத்து செய்யலாம் என்பது விதி. ஐந்தாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான், ஒரு டிசம்பர் மாதத்தில், ஷார்ஜாவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அத்தர் கடை வைத்திருக்கும் ஒருவர். மூன்றே வரி. சாம்பிராணி போடப் பீங்கான் தூபக்கால் வேண்டும். கரியின் சூட்டில் விரிசல் விடக்கூடாது. மாதிரியும் விலையும் உடனே வேண்டும்.

செல்வராசுவிடம் காட்டினேன். "மின்சாரத்தையே தாங்குற மண்ணு சார், சாம்பிராணிய தாங்காதா?" என்றார். முகத்தில் பல மாதத்துக்குப் பிறகு ரத்தம் ஓடியது.

நான் என் கடமையைச் செய்தேன். அஞ்சலைப் பதிந்தேன். குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். "பேசவும்" என்று வந்தது. பேசினேன். விலை கேட்டுச் செல்வராசுவுக்கு எழுத்து மூலம் கடிதம் அனுப்பினேன்; அவர் எதிரே உட்கார்ந்திருந்தார், இருந்தாலும் கடிதம் அனுப்பினேன். அவர் பதில் எழுதினார். வரைவு தயாரித்தேன், திருத்தினார்கள், தட்டச்சு செய்தேன், கையொப்பம் வாங்கினேன், ஜமால் பாய் கடைக்குப் போய் அதை அப்படியே மின்னஞ்சலாக அடித்தேன். முந்தைய கடித எண்களைச் சுட்டும் பார்வை ஒன்று, பார்வை இரண்டு எல்லாம் இருந்தன. "தங்கள் கோரிக்கை இவ்வலுவலகத்தின் பரிசீலனையில் உள்ளது, உத்தேச விலை கீழே காட்டப்பட்டுள்ளது, மாதிரி குறித்து உரிய நேரத்தில் தெரிவிக்கப்படும்." ஆங்கிலத்தில் இன்னும் கம்பீரமாக இருந்தது. பன்னிரண்டாம் நாளே அனுப்பிவிட்டேன். மூன்று நாள் மிச்சம் என்று எனக்குப் பெருமை வேறு.

பதில் வரவில்லை. பொங்கல் போனது. தை முடிந்தது. ஆறு மாதக் கணக்கு நிறைந்தது. ரத்து நோட்டீசு தயாரானது. அதைத் தயாரித்தவனும் நானே.

செல்வராசு நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். கோபம் இல்லை, சிரித்தார். அதுதான் தாங்கவில்லை.

"சார், நீங்க பாஞ்சு நாளுக்குள்ள பதில் போட்டுட்டீங்க. தப்பே சொல்ல முடியாது. அந்தாளு பாஞ்சு நிமிசத்துல வேற எடத்துல வாங்கியிருப்பாரு."

அன்று மாலை ஜமால் பாயிடம் அந்த மின்னஞ்சலையும் என் பதிலையும் காட்டினேன். என் பதிலைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்னாங்க சார் இது? அந்த மனுசன் சட்டி கேட்டாரு, நீங்க கோர்ட்டு நோட்டீசு அனுப்பியிருக்கீங்க."

"அலுவலக நடை அப்படித்தான் பாய்."

"நடை சரிதான். ஆனா இருந்த எடத்துலயே நடந்திருக்கீங்களே." முகவரியை மீண்டும் பார்த்தார். "இந்தத் தெரு எனக்குத் தெரியும். என் மருமகன் யூசுப்பு வேலை பாக்குற கடைக்கு நாலு கடை தள்ளி. லீவுல வந்திருக்கான், அடுத்த வாரம் போறான். மாதிரிய குடுங்க. அவன் போயி, உக்காந்து, ரெண்டு சுலைமானி டீ குடிச்சிட்டு, அப்பறம் எடுத்து வெளிய வெக்கட்டும். டீ குடிக்காம யாரும் அங்க யாரையும் நம்பமாட்டாங்க சார்."

செல்வராசு இரண்டு நாளில் நான்கு தூபக்கால்கள் செய்தார். நான்கு முனை எழும்பிய கிண்ணம், கீழே சிறு கால். ஃப்யூஸ் செய்து பழகிய கை என்பதால் அளவு மயிரிழை பிசகவில்லை. அலுவலகத்தின் சோதனைச் சூளையில் வைத்துச் சுட்டோம். ஒன்று கோணிப்போனது. மூன்று தேறின.

இங்கேதான் நடைமுறை குறுக்கே வந்தது. சோதனைச் சூளையில் வெந்த பொருள் அலுவலகத்தின் பொருள். வெளியே போக கேட் பாஸ் வேண்டும். கேட் பாஸில் இரண்டு கட்டங்கள் இருக்கும்: திரும்பப் பெறத்தக்கது, திரும்பப் பெறத்தகாதது. மாதிரி என்றால் இரண்டாவதுதான். ஆனால் இரண்டாவதில் குறியிட்டால் தலைமையிடத்தின் அனுமதி வேண்டும். அது வருவதற்குள் யூசுப் போய் அடுத்த விடுப்பிலும் வந்துவிடுவார். முதலாவதில் குறியிட்டால் என் கையொப்பமே போதும். குறியிட்டேன். முப்பது நாளில் திரும்ப வேண்டும் என்று அச்சிட்டிருந்த இடத்தில் ஏப்ரல் 14 என்று எழுதினேன். இரண்டாம் படி பொருளோடு பயணம் செய்ய வேண்டும் என்பதால், அதை மடித்துத் தூபக்காலுக்குள் வைத்தேன். திரும்பி வராவிட்டால் 'உடைந்தது' என்று ஒரு சான்று எழுதிக் கணக்கை முடித்துவிடலாம் என்பது என் திட்டம். பீங்கான் அலுவலகத்தில் அதை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

மூன்று தூபக்கால்களும் ஒரு கைலியில் சுற்றப்பட்டு, இரண்டு ஊறுகாய்ப் பாட்டில்களுக்கு நடுவே ஷார்ஜா போயின.

பத்து நாள் கழித்து யூசுப் தொலைபேசியில் சொன்ன செய்தியை ஜமால் பாய் எனக்குச் சொன்னார். டீ குடித்தாயிற்று. கடைக்காரர் தூபக்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே இருந்த காகிதத்தை எடுத்தார். அதில் ஆங்கிலமும் இருந்தது. படித்துவிட்டு, "இதைத் திருப்பித் தர வேண்டுமா?" என்று கேட்டார். யூசுப் சத்தியவான். "அதுல அப்படித்தானே போட்டிருக்குது" என்றிருக்கிறார். கடைக்காரர் மூன்றையும் காகிதத்தோடு அலமாரியில் வைத்துவிட்டு, அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார்.

விலை கேட்டவருக்குப் பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் அனுப்பியது ஒரு பாவம். மாதிரியைக் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்பது அதைவிடப் பெரிய பாவம். செல்வராசுவிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னேன்.

"சட்டி சூளையில வெந்துச்சு, நான் உங்க சீட்டுல வெந்துட்டேன் சார்," என்றார். அப்போதும் சிரித்தார்.

மார்ச் முப்பதாம் தேதி ரத்து விசாரணை. மேடம், செல்வராசு, நான். செல்வராசு வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் விபூதி வைத்து வந்திருந்தார்.

"உற்பத்தி இருக்குதா?" என்றார் மேடம்.

"இருக்குதுங்க மேடம்."

"எங்க?"

"ஷார்ஜாவுல இருக்குதுங்க."

மேடத்தின் பென்சில் நின்றது. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் பேச ஆரம்பித்துவிட்டேன். மின்னஞ்சல், பன்னிரண்டு நாள், யூசுப், டீ, கேட் பாஸ், எந்தக் கட்டத்தில் குறியிட்டேன், ஏன், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். 'உடைந்தது' சான்றைக்கூடச் சொல்லிவிட்டேன். மேடம் கடைசிவரை கேட்டார்.

"கையில வெளி ஆர்டர் இருந்தா நோட்டீச வாபஸ் வாங்கலாம்ல?"

"வாங்கலாம் மேடம். ஆனா விசாரணை முடிஞ்சு பதினஞ்சு நாளுக்குள்ள உத்தரவு போட்டாகணும்."

"தெரியும்," என்றார். செல்வராசு போன பிறகு நான் தயாராக வைத்திருந்த ரத்து உத்தரவின் வரைவை வாங்கினார். ஓரத்தில் பச்சை மையில் எழுதினார்: "பேசவும்."

மறுநாள் கோப்போடு போய் நின்றேன். "இப்ப வேணாம். கூப்பிடறேன்," என்றார். அதற்கடுத்த நாளும் அதுவே. நான்காம் நாள்தான் எனக்கு உறைத்தது. 'பேசவும்' என்று எழுதிய கோப்பு முடிவெடுத்த கோப்பும் அல்ல, கிடப்பில் போட்ட கோப்பும் அல்ல. பேச்சு நடக்கும்வரை யாரும் அதைத் தொட முடியாது. எத்தனையோ வருஷம் அந்தச் சொல்லைக் கண்டு நடுங்கியவன், அது ஒருவரைக் காப்பாற்றவும் உதவும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஆனால் பதினைந்து நாள்தான். அதற்கு மேல் மேடத்தாலும் தாங்க முடியாது.

சித்திரை முதல் நாள். வீட்டில் மாங்காய்ப் பச்சடிக்கு வேப்பம்பூ வறுபடும் வாசனை. காலை ஒன்பது மணிக்கு ஜமால் பாய் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சார், நம்ம ஊர்க்காரர் ஒருத்தரு ஷார்ஜாவுலேருந்து வந்து வேப்பூருல பஸ்ஸ வுட்டு எறங்கியிருக்காரு. உங்க பேருக்கு ஒரு பார்சல் இருக்குதாம். இன்னைக்கே உங்க கையில குடுக்கணும்னு சொல்லி அனுப்பியிருக்காங்களாம்."

செல்வராசுவைக் கூப்பிட்டேன். அவருடைய மொபெட்டில் இருவரும் ஜமால் பாய் கடைக்குப் போனோம். எங்களுக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்திருந்த கட்டைப் பிரித்தேன். மூன்று தூபக்கால்கள். உள்ளே கரி பிடித்து, சாம்பிராணிப் பிசின் கறுத்து, கடைத்தெரு முழுக்க மணந்தன. தன்னிடம் இருந்த நாளெல்லாம் விடாமல் நெருப்புப் போட்டிருக்கிறார் கடைக்காரர். செல்வராசு ஒவ்வொன்றையும் சட்டை நுனியால் துடைத்து, விரலால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்டார். மூன்றும் மணி போல் ஒலித்தன. ஒரு விரிசல் இல்லை.

என் கேட் பாஸும் உள்ளே இருந்தது. 'பொருளைத் திருப்பி அளிப்பவர் கையொப்பம்' என்ற இடத்தில் கையொப்பமிட்டு, கடை முத்திரையும் குத்தியிருந்தார். முத்திரை கோட்டுக்கு வெளியே போகவில்லை. அதைப் பார்த்ததும் அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை பிறந்தது. பின்பக்கம் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். இதேபோல் முதலில் ஐந்நூறு, சரியாக இருந்தால் மேலும் அனுப்பவும். விலை சம்மதம். அனுப்பும் தேதியை எழுதவும்.

"திருப்பிக் கேட்டதுக்குக் கோபப்படலையா பாய்?" என்றேன்.

"கோபமா? திருப்பித் தரணும்னு சொல்லிக் குடுத்த பொருளு அமானிதம் சார். நம்பி ஒப்படைச்சது. அத தேதிக்குத் திருப்பித் தராட்டி அவருக்கு அது பாவம். அந்தாளு யூசுப்புகிட்ட என்னா சொன்னாராம் தெரியுமா? இத்தனூண்டு சட்டிக்குத் தேதி போட்டுக் கேக்குறவன், எனக்கு அனுப்பவேண்டியதையும் தேதிக்கு அனுப்புவான்னு."

செல்வராசு தூபக்காலைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். "சார், இனிமே எல்லாத்துக்கும் அந்த மொதக் கட்டத்துலயே குறி போடுங்க," என்றார். ஜமால் பாய் மூன்று டீ சொன்னார்.

அங்கிருந்தே நெய்வேலிக்குக் கூப்பிட்டேன்.

"மேடம், கோப்புல பேசவும்னு எழுதியிருந்தீங்க. பேசறேன்."

"சொல்லுங்க."

சொன்னேன். முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அவருக்குப் பதில் போட்டாச்சா?" என்றார்.

"இன்னிக்கு லீவு மேடம். கடைசி நாள் விடுமுறையா இருந்தா அடுத்த வேலை நாள் கணக்குல எடுத்துக்கலாம். விதி இருக்கு."

"உங்களுக்கு லீவு. அவருக்கு லீவா?"

ஜமால் பாயின் கணினியில் உட்கார்ந்தேன். பார்வை ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை. கிடைத்தது, நன்றி, அனுப்பும் தேதி இது என்று மூன்று வரி. தேதியைச் செல்வராசு சொன்னார். அடித்து அனுப்ப நான்கு நிமிடம் ஆனது. பிறகு காவலாளியிடம் சாவி வாங்கி அலுவலகத்தைத் திறந்தோம். செல்வராசு மூன்று தூபக்கால்களையும் என் மேசையில் வரிசையாக வைத்தார். அறை முழுக்கச் சாம்பிராணி மணந்தது. விடுமுறை நாளில் தபால் பதியக்கூடாது என்பது விதி; இருந்தும் பதிந்தேன். தபால் பதிவேட்டை எடுத்து, புது எண் போட்டு, டிசம்பரில் நாங்கள் அனுப்பிய கடிதத்துக்கு நேரே 'பதில் கிடைத்த நாள்' என்ற பத்தியில் எழுதினேன்: ஏப்ரல் 14.